செஞ்சி முற்றுகைக்கு உகந்த பேட்டரி

ஃபோம் தோட்டா சுடும் மோட்டார் பொம்மைத் துப்பாக்கிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே உத்தமம். ஒரு செல் 1.2 வோல்ட்தான், ஆல்கலைன் 1.5. ஆனால் மோட்டார் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுத்தால் ஆல்கலைன் துவண்டுவிடும், நிக்கல் தாங்கும். லித்தியம் அயனி 3.7 வோல்ட், மோட்டாரோடு சோபாவையும் சேர்த்துச் சூடாக்கக்கூடியது, எனவே வீரர்களுக்கு ஏற்றது.

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்கு 1690 முதல் 1698 வரை ஆயிற்று. சார்ஜர் இல்லாத படை வேறென்ன செய்யும்? இன்றைய ஏழு வயதுத் தளபதிக்கு அரைநாள் விடுமுறை போதும்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் மட்டும் பிளக் பாயிண்ட் கேட்க முடியாது. 2025 முதல் அந்தக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆகவே தளபதி மலையிறங்கி, வீட்டு டிவி ரிமோட்டின் பேட்டரிகளைக் கைப்பற்றுகிறார். செய்தி நேரத்தில் அப்பா சரணடைகிறார்.