ஆளாளுக்கு ஒரு தைலம்

வலியைத் தாங்கிக்கொள்ளலாம். மழித்த முடி வெளியே வர வழி தெரியாமல் தாடைக்கடியில் சுருண்டு, சீழ் கோத்து நிற்கிறது, நின்றுவிட்டுப் போகட்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் அதில் எதையாவது தடவச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று லிஃப்டில் பெயர்கூடத் தெரியாத ஒருவர் என் மோவாயைத் தூக்கிப் பார்த்து, "சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் பத்து போடுங்க, ராத்திரியே உடைஞ்சிடும்" என்றார். இரண்டாவது மாடியில் ஏறியவர், "சேச்சே, டூத்பேஸ்ட்" என்றார். ஜெல் கூடாதாம், வெள்ளைப் பேஸ்ட்தானாம். கேஷியர் சுட்ட வெங்காயக் கட்சி. மைத்துனர் படிகாரக் கட்சி. சித்தப்பாவுக்கு எந்தக் கட்டியும் உடம்புச் சூடுதான்: சனிக்கிழமை நல்லெண்ணெய், காலையில் ஊறவைத்த வெந்தயம். மருந்துக்கடைப் பையன் சீட்டே கேட்காமல் ஒரு ஸ்டீராய்டு ட்யூபை நீட்டி, "எல்லாத்துக்கும் இதான் சார் போகுது" என்றான். சீழில் அதைத் தடவினால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். எதிர்வீட்டுக்காரர் ஆயுதப் பிரியர்: குண்டூசியை மெழுகுவர்த்தியில் காட்டிக் குத்தி, நல்ல ரத்தம் வரும்வரை பிதுக்க வேண்டுமாம். மாமியார் திருஷ்டி என்று மிளகாயைக் கையில் எடுத்தார். "இந்த மூஞ்சிக்கு யாரும்மா கண்ணு வைக்கப்போறா?" என்றாள் என் மனைவி. அவள் ஒருத்திதான் எதையும் தடவச் சொல்லவில்லை.

இத்தனை பேரில் ஒருவராவது ரேசரைப் பற்றி வாயைத் திறக்க வேண்டுமே! 1971-இல் இரண்டு பிளேடு ரேசர் கடைக்கு வந்தது; 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது வெட்ட, மிச்சம் தோலுக்குக் கீழே போய்ப் பதுங்குகிறது. மொழுமொழுவென்று இருக்க வேண்டும் என்று நாம் எதிர்வாக்கில் வேறு இழுக்கிறோம். சுருட்டை முடிக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தோல் டாக்டர் சொன்னதில் தடவுகிற சமாச்சாரமே அதிகமில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் 10, 15 நிமிடம் ஒத்தடம், நாளுக்குச் சில தடவை. பிதுக்காதே, பிடுங்காதே. சிவப்பு பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ ஓடி வா. ஆறும்வரை ஷேவிங் கிடையாது.

அந்தக் கடைசிச் சங்கதிதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. ஆடி மாதத்தில், "சாமி, மாலை எப்போ போட்டீங்க?" என்கிறார் வாட்ச்மேன். மேனேஜரோ அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல முழுகாம இருக்காங்களோ?" என்று கேட்டார். என் மனைவிக்கு 52 வயது.