அகராதி வளர்த்த வள்ளல்கள்

ஆங்கிலத்துக்குச் சொற்கொடை தந்தவர் வரிசையில், ஷேக்ஸ்பியருக்கு அருகிலேயே ரிச்சர்ட் நிக்சனின் வெள்ளை மாளிகைக்கும் ஓர் ஆசனம் போட வேண்டும். புலனாய்வுச் செய்தியாளர்கள் அன்றாடம் புழங்கும் எத்தனையோ சொற்கள் அந்த மாளிகையின் அருட்கொடை.

1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் வளாகத்தில், ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். பத்திரிகைச் செயலர் ரான் சீக்லர் அதை மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்றார். என்ன தன்னடக்கம்! நிக்சனின் தேர்தல் நிதிக்கு வந்த 25,000 டாலர் காசோலை, பிடிபட்டவர் ஒருவரின் வங்கிக் கணக்கில் கிடந்ததை வாஷிங்டன் போஸ்ட்டின் உட்வர்டும் பெர்ன்ஸ்டீனும்தான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தங்கள் பெருமையைத் தாங்களே பேசாத பெரியவர்கள்!

ரகசியக் கசிவை அடைக்க வைத்த படைக்கு 'பிளம்பர்ஸ்' என்று பெயரிட்டு, உழைக்கும் வர்க்கத்தைக் கௌரவித்தார்கள். பென்டகன் ஆவணங்களை வெளியிட்ட எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்துக்குள் 1971-லேயே புகுந்து தொழில் பழகியவர்கள் இவர்கள். வாயடைக்கக் கொடுத்த பணமான 'ஹஷ் மணி'க்கும், கேள்விக்கு மசியாத 'ஸ்டோன்வாலிங்'குக்கும் மறுவாழ்வு தந்தார்கள். உண்மையில் ஒரு துண்டை மட்டும் காட்டி மிச்சத்தை மூடுவது 'லிமிடெட் ஹேங்அவுட்'. முழுக்க மூடினால் மக்கள் ஏங்கிப்போவார்களே என்ற கருணை!

சீக்லரின் நாகரிகத்துக்கு ஈடில்லை. 1973 ஏப்ரலில், தன் முந்தைய அறிக்கைகள் 'இன்ஆப்பரேட்டிவ்', அதாவது செயலிழந்தவை, என்றார். பொய் என்ற கடுஞ்சொல் அவர் நாவில் வரவில்லை.

நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸின் விசுவாசத்தையும் பாடாமல் இருக்க முடியாது. வெள்ளை மாளிகை உரையாடல்களைப் பதிந்த ஒலிநாடா ஒன்றில் 18½ நிமிடப் பேச்சு காணாமற்போனது. தொலைபேசி எடுக்கையில் அதில் ஐந்து நிமிடம் தன்னால் அழிந்திருக்கலாம் என்றார். ஒலிநாடாக் கருவியின் மிதிகட்டையில் கால், பின்பக்கத் தொலைபேசிக்கு நீண்ட கை என்று உடலை வளைத்துக் காட்டினார். அப்போது எடுத்த படத்தைப் பாருங்கள், யோகாசனம் கற்றவரும் வணங்குவார்.

நிக்சன் 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். ஒரு மாதத்தில் அதிபர் ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். அவருடைய நெருங்கிய சகாக்களான ஹால்டிமன், எர்லிக்மன், மிச்செல் மூவரும் சிறைக்குப் போனார்கள், நிக்சன் போகவில்லை.