கிரிவலப் பாதையில் புதிர் அவிழ்க்கும் சபையின் லட்சணங்கள்

பலர் கூடி ஒரு புதிரை அவிழ்க்கும் காரியம் எவ்விடத்தில், எவ்வளவு தூரத்தில், எவ்வகை மனிதர்களால் செவ்வனே நடைபெறும் என்பதைக் குறித்து ஒருவரும் கிரந்தம் எழுத முன்வராதிருப்பது, பல்லி விழுவதற்கும் பலன் வகுத்துவைத்த நம் ஜனசமூகத்துக்குக் கௌரவம் தருவதன்று. பிசிக்குச் செய்யுளியலில் இடங்கொடுத்த தொல்காப்பியரும், அது விடுக்கப்படும் சபையில் குறுக்கே பேசுவோரை என்ன செய்வது என்பதை நமக்கே விட்டுவிட்டார். மால்ட்டாத் தீவில் பிறந்த வைத்தியரான எட்வர்டு டி போனோ 1967-ஆம் ஆண்டில், நேர்வழியை விட்டுப் பக்கவாட்டில் யோசிப்பதன் பயனை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அவர் திருப்பச் சொன்னது தலையை. கால்களைப் பற்றிய அத்தியாயம் திருவண்ணாமலைக்கு என்றே மிச்சமிருந்தது போலும். இவ்விசாரணையின் சித்தாந்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்டமாகக் கூடியவர்களிடையே புதிரை அவிழ்ப்பது புத்தியன்று, களைப்பு.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட சபை, பௌர்ணமி இரவில் 217 அடி ராஜகோபுரத்தின் முன்னே செருப்பைக் கழற்றி, மலையை வலம்வரப் புறப்பட்ட ஒரு சிறு கோஷ்டி. அதில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், அவருடைய தமக்கையார், பள்ளி ஆசிரியர் ஒருவர், சட்டம் படிக்கும் இளைஞன் ஒருவன், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர். புதிர் சொன்னவர் கணக்குப்பிள்ளை. "ஒருத்தன் மளிகைக்கடைக்குள்ளே போய்த் தண்ணி கேட்டான். கடைக்காரர் தண்ணி கொடுக்கலை; 'கல்லாப்பெட்டியிலேர்ந்து பணத்தை எடுத்தது நீதானே?'ன்னு அதட்டினார். வந்தவன் ரொம்ப நன்றின்னு கும்பிட்டுட்டுப் போய்ட்டான். ஏன்?" மேனாட்டுப் பாடத்தில் கடைக்காரன் துப்பாக்கியை நீட்டுகிறான், நம் மளிகைக்கடைகளில் மிளகாய் மண்டியளவுக்குக் கிடைத்தாலும் துப்பாக்கி கிடைப்பது அரிதாகையால், இப்பாடபேதமே உசிதமென்று கொண்டேன். கேள்விகளுக்கு விடையாளர் ஆம், இல்லை, சம்பந்தமில்லை என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்பது யாவருக்கும் பொதுவான விதி.

இந்திர லிங்கம் தொடங்கி நிருதி லிங்கம் வரையிலுள்ள பிரதேசத்தைப் பாண்டித்தியப் பிரதேசம் எனலாம். இங்கே எவரும் புதிரை விசாரிப்பதில்லை. தம் உத்தியோகத்தையே விசாரிக்கிறார்கள். கடை இருப்பது பட்டா நிலத்திலா, புறம்போக்கிலா என்றார் தாசில்தார். கடைக்காரர் எதுவரை படித்தவர் என்றார் ஆசிரியர். சட்டம் படிக்கும் இளைஞனோ, பணம் உண்மையில் களவுபோயிற்றா என்று கேட்டு, இல்லை என்ற விடையைப் பெற்றுவிட்டான். அத்தனை பேரிலும் பயனுள்ள கேள்வி அவன் கேட்டதே. ஆயினும் அதைப் பின்தொடராமல், பொய்ப்பழி சுமத்திய கடைக்காரர்மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்து, எம லிங்கத்துக்குள் வாதத்தை முடித்து, தீர்ப்பும் தனக்கே சாதகமாக வாங்கிக்கொண்டான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நடந்த விடையாளரின் மனோநிலைதான் இந்த விஷயத்திலேயே ரசமான பகுதி. கடையில் முதலாளி பேச, வாடிக்கையாளர் பேச, தாம் மட்டும் பேரேட்டின்மேல் குனிந்திருக்கும் மனிதர், 14 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு சமஸ்தானாதிபதியாகிவிடுகிறார். முன்னாள் தாசில்தாரைப் பார்த்து "சம்பந்தமில்லை" என்று உரக்கச் சொல்லும் வாய்ப்பு, ரெவின்யூ சரித்திரத்தில் எத்தனை கணக்குப்பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கும்? அந்த ஆனந்தத்தில் அவர் நடை மந்தமாகிறது. விடை சீக்கிரம் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில், "ஒருவகையில் ஆம்" என்னும் நான்காவது விடையொன்றையும் சிருஷ்டித்துவிடுகிறார். இது மகா அபசாரம். இதே ஊரில் 1902-ஆம் ஆண்டு சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, மௌனத்திலிருந்த ரமணர் எழுத்தாலேயே விடை தந்தார் என்பதைக் காட்டி, விடையாளர் வாய் திறவாமல் தலையசைத்தால் போதும் என்று ஆசிரியர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். புளியமர நிழலில் தலையசைப்பு புலப்படாமையால் அது கைவிடப்பட்டது.

ஆதி அண்ணாமலைக்கு அப்பால் நிலைமை மாறுகிறது. உள்ளங்காலில் சிறுகல் உறுத்தத் தொடங்கியபின் எவனுக்கும் மானநஷ்ட வழக்கில் சிரத்தை நிலைப்பதில்லை. வாயு லிங்கத்தருகே சுக்குக் காபி குடித்தவர்கள், குபேர லிங்கம் வரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தார்கள். அதன்பின், இடுக்குப் பிள்ளையார் கோயிலில், ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்தாலன்றி வெளிவர முடியாத அந்தக் குறுகிய வழிக்கு முன்னே, வரிசையில் நிற்கும்போது, அதுவரை ஒரு கேள்வியும் கேளாமல் கோஷ்டிக்கெல்லாம் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுமந்து வந்த தமக்கையார் கேட்டார்:

"ஏம்ப்பா, தண்ணி கேட்டானே, அப்புறமாவது குடிச்சானா?"

"இல்லைங்க அக்கா."

"அப்ப தாகமில்லை. விக்கல். அதட்டினதும் நின்னுபோச்சு."

விக்குகிற குழந்தையைத் 'திருடினியா?' என்று திடுக்கிட வைக்காத வீடு அக்கோஷ்டியில் ஒன்றுகூட இல்லை. ஆயினும் தண்ணீரைச் சுமந்தவர் ஒருவருக்கே தண்ணீர் என்னவாயிற்று என்ற கவலை பிறந்தது. மற்றவர்கள் ஓய்ந்ததால்தான் அக்கவலைக்கு இடமும் கிடைத்தது.

இங்கே ஒரு பூர்வபட்சம்: ஆயிரங்கால் மண்டபத்தில் சுகமாக உட்கார்ந்தும் புதிர் அவிழ்க்கலாமே, நடப்பானேன்? உட்கார்ந்தவர்கள் களைப்பதில்லை, களைக்காதவர்கள் பேச்சை நிறுத்துவதில்லை. வேதாளம்கூட விக்கிரமாதித்தன் உட்கார்ந்திருக்கையில் கதை சொல்லவில்லை. அவன் தோளில் ஏறி, நடக்கவிட்டுத்தான் கேள்வி கேட்டது.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு சிக்கல். விடை வெளிப்பட்டதும், "எனக்கு அக்னி லிங்கத்திலேயே தெரியும், மற்றவர்கள் யோசிக்கட்டும் என்றிருந்தேன்" என்று சொல்பவரும், "ஆமாம், அப்போதே என்னிடம் சொன்னார்" என்று சாட்சி கூறுபவரும் எச்சபையிலும் உண்டு. எங்கள் கோஷ்டியில் முன்னவர் தாசில்தார், பின்னவர் ஆசிரியர். இதற்கு முன்வழக்கு இந்த மலையிலேயே இருக்கிறது: அடிமுடி தேடிய இருவரில், பன்றியாய் நிலத்தை அகழ்ந்த திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார், அன்னமாய்ப் பறந்த பிரமனோ தாழம்பூவைச் சாட்சி வைத்து முடியைக் கண்டதாகச் சாதித்தார். பிரமனுக்குக் கோயில் இல்லாமற்போனதும், தாழம்பூ சிவபூஜைக்கு விலக்கப்பட்டதும் புராணம் விதித்த தண்டனைகள். எங்கள் கோஷ்டியிலோ, அடுத்த பௌர்ணமிக்குப் புதிர் சொல்லும் பதவி தாசில்தாருக்கே ஏகமனதாக அளிக்கப்பட்டது. ஆசிரியர் அதை வழிமொழிந்தார்.