உன்ட டிரெய்லரப் பாத்தனான், மருமகன்

கண்ணாடியப் போட்டும் பாத்தன், கழட்டியும் பாத்தன். படம் பதினெட்டு நிமிசம் எண்டாய். டிரெய்லர் நாலரை நிமிசம் ஓடுது. மாம்புரிக் காத்தாலை மட்டும் அதுக்குள்ள ஏழு தரம் சுத்துது. 2010ல அதுகள நட்டவங்க கூட இவ்வளவு நேரம் அண்ணாந்து பாத்திருக்க மாட்டாங்க. ட்ரோனுக்கு வாடகை குடுத்தாச்சு, குடுத்த காசுக்குப் பறக்க விட்டுத்தானே தீரணும். அது விளங்குது.

உன்ட மாமியும் பக்கத்தில இருந்து பாத்தா. முடிஞ்சதும் கண்ணத் துடைச்சிட்டு, "பாவம் அந்தக் கிழவன், கடைசியில தோணிய வித்துப் போட்டானே" எண்டா. இது படமில்ல, படத்துக்கு விளம்பரம் எண்டன். "அப்ப படத்தில வேற என்ன இருக்கு?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் தெரியல்ல. உனக்குத் தெரிஞ்சா ஒருக்கா வந்து அவக்குச் சொல்லிட்டுப் போ.

நல்ல படம் எடுக்கிறதுக்கு ஆயிரம் பேர் புத்தி சொல்லுவாங்க. எடுத்த நல்ல படத்த எப்பிடிக் கவுக்கிறது எண்டு சொல்லித் தர ஆளில்ல. உனக்கு அந்தக் கை தானாகவே வந்திருக்கு. அதால, தெரிஞ்ச மிச்சத்தையும் சொல்லித் தாறன், கேட்டுக்கொள்.

நாங்க பொடியன்களா இருந்த காலத்தில தியேட்டர் வாசல்ல பாட்டுப் புத்தகம் விப்பாங்க. மெல்லிசுத் தாள், விரல்ல மை ஒட்டும். முதல் பக்கத்தில கதைச் சுருக்கம். அண்ணன் தங்கச்சியப் பிரிவான், பணக்காரன் பொய்க் கேஸ் போடுவான், பாலுக்குள்ள விசம் கலந்திருக்கும், அது தெரியாம நாயகி அந்தக் கிளாச வாயில வைப்பா. அவ்வளவுதான். அதுக்குக் கீழ ஒரு வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க. அத எழுதினவன்ட பேர் ஒருத்தருக்கும் தெரியாது. நீ போன்ல காட்டுற எடிட்டர்மார் எல்லாரும் வரிசையா நிண்டு அவன்ட காலத் தொட்டுக் கும்பிடணும். எங்க வாய மூடுறது எண்டு தெரிஞ்ச மனிசன் அவன்.

நானும் கொஞ்ச நாள் அந்தத் தொழில்ல நிண்டவன்தான். புத்தளத்துக்குப் படம் வந்தா, காருக்கு மேல லவுட்ஸ்பீக்கரக் கட்டிக்கொண்டு பாலாவியில தொடங்கி நுரைச்சோலை, மாம்புரி, தலவில எண்டு கற்பிட்டி வரைக்கும் போவம். மைக் என்ட கையில. பின் சீட்டில ஒருத்தன் நோட்டீஸ வீசுவான், பொடியன்கள் காருக்குப் பின்னால ஓடி வருவாங்க. நான் கத்தின படங்கள்ல பாதிய நான் பாத்ததே இல்ல. அதனாலதான் நல்லாக் கத்தினன். படம் பாத்தவன்ட கையில மைக்கக் குடுத்தா கதையச் சொல்லிப் போடுவான்.

அந்தக் காலத்தில இலங்கை வானொலிதான் எங்களுக்குப் பெரிய டிரெய்லர். கே.எஸ். ராஜா திரைவிருந்து நடத்தினா வாடியில வலைய அப்பிடியே போட்டுட்டு றேடியோவுக்குக் கிட்டப் போவம். அந்தக் கரையில தமிழ்நாட்டுச் சனமும் காதக் குடுத்துக்கொண்டிருந்தது. படம் கண்ணுக்குத் தெரியாது, நாலு வசனமும் ரெண்டு பாட்டும்தான். அடுத்த கிழமை டிக்கெட்டுக்குச் சட்டை கிழியும்.

உன்ட டிரெய்லருக்கு வருவம். கிழவன் தேத்தண்ணி குடிச்சாலும் 'டும்' எண்டு ஒரு சத்தம். வலைய உதறினாலும் 'டும்'. ஆரோ ஒருத்தன் சாகப் போறான் எண்டு நானும் பாத்துக்கொண்டே இருக்கிறன், சாகிறான் இல்ல. ரத்தம் பாக்கலாம் எண்டு வாறவன், கிழவன் சீனி போடாமத் தேத்தண்ணி குடிக்கிறதப் பாத்தா என்ன செய்வான்? கதிரையத் தூக்குவான். தேத்தண்ணிக் காட்சி பாக்க ஆசைப்படுற என்னப் போல ஆக்களோ, டும் சத்தத்துக்குப் பயந்து வீட்டில இருந்திடுவம். ஒரே கல்லில ரெண்டு மாங்காய். கெட்டிக்காரன் நீ.

இது புதுக் கதை இல்ல. 1977ல 'பொன்மணி' வந்திச்சு. தர்மசேன பத்திராஜ எடுத்த படம். சிங்களப் படத்தில பேர் எடுத்த மனிசன் யாழ்ப்பாணத்துக்குப் போய், காவலூர் ராஜதுரையின்ட கதையில, சீதனத்தையும் சாதியையும் வச்சு ஒரு வீட்டின்ட மூச்சு முட்டுறதக் காட்டினார். இண்டைக்குப் படிச்ச ஆக்கள் இலங்கைத் தமிழ்ப் படம் எண்டு வாயத் திறந்தா முதல்ல அந்தப் பேரத்தான் சொல்லுறாங்க. அண்டைக்கு? எம்ஜிஆரும் சிவாஜியும் பாத்துப் பழகின கண்ணோட சனம் போச்சு, அப்பிடியே திரும்பி வந்திச்சு. இது வேற மாதிரிப் படம், ஆறுதலா இருந்து பாருங்க எண்டு சனத்துக்கு விளங்குற பாசையில சொல்ல ஆளில்லாமப் போச்சு. அதே பத்திராஜதான் அடுத்த வருசம் நம்மட கற்பிட்டிப் பக்கத்துக் கரையில 'பம்பரு எவித்' எண்ட சிங்களப் படத்தத் தந்தவர்.

பொன்மணிக்கு முதல் வருசம், 1976ல, 'கோமாளிகள்' வந்திச்சு. பொன்மணியோட அதப் பக்கத்தில வச்சுக் கதைச்சா படிச்ச ஆக்கள் கோவிப்பாங்க, கோவிக்கட்டும். ராம்தாஸ் ஆக்கள் றேடியோவில போட்ட பகிடி நாடகம்தான் படமா வந்தது. ஆர் ஆர், எப்பிடிக் கதைப்பாங்க எண்டு சனத்துக்கு முன்னமே பாடம். டிக்கெட் எடுக்கைக்குள்ளயே சிரிச்சிட்டாங்க. படம் நல்லா ஓடினது. படத்தின்ட தரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில ஒரு வாசல் இருக்கு மருமகன். அந்த வாசல்ல நிண்டு கூப்பிடுறவன் ஒழுங்கா இல்லாட்டி, உள்ள பந்தி போட்டிருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டிலயும் இதே பாடுதான். ருத்ரய்யாவின்ட 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிக்கு வந்திச்சு. ரஜினி, கமல், ஸ்ரீப்ரியா, இளையராஜா. இதுக்கு மேல ஒரு போஸ்டருக்கு என்ன வேணும்? பட்டாசு வெடிச்சிட்டு வந்த சனத்துக்குக் கருப்பு வெள்ளையில ஒரு பொம்பிளையின்ட மனக்காயத்தக் காட்டினா அது என்ன செய்யும்? வங்காளத்து மிருணாள் சென் பாத்துட்டுப் புகழ்ந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பாத்தது. உள்ளூர்க்காரன் சொன்னா நம்ப மாட்டம், ரயில் ஏறி வந்தவன் சொன்னா நம்புவம்.

நாள் பாத்து விடுறதும் ஒரு கலை. 1991 தீபாவளிக்கு 'தளபதி' வருது எண்டு தெரிஞ்சும் அதே நாள் 'குணா'வ இறக்கினாங்க. ரஜினி, மம்மூட்டி, மணிரத்னம் ஒரு பக்கம், மனநிலை சரியில்லாத ஒருத்தன்ட காதல் மறுபக்கம். ஆர் வெண்டது எண்டு கேக்காத. அதை எடுத்த கொடைக்கானல் குகைக்குப் படத்தின்ட பேர் நிண்டிச்சு, படம் நிக்கல்ல. 2024ல மலையாளப் பொடியன்கள் 'மஞ்சும்மல் பாய்ஸ்' எண்டு ஒண்டு எடுத்து, அந்தக் குகையையும் 'குணா'வின்ட பாட்டையும் சரியான இடத்தில வச்சாங்க. தமிழ்நாடே எழும்பி நிண்டு கை தட்டினது. 33 வருசத்துக்குப் பிறகு, அடுத்த மொழிக்காரன், காசு வாங்காமக் 'குணா'வுக்கு டிரெய்லர் போட்டுக் குடுத்திருக்கிறான். உன்ட படத்துக்கும் அப்பிடி ஒருத்தன் வருவான் எண்டா எனக்குச் சந்தோசம்தான், ஆனா அதுவரைக்கும் நான் இருக்க மாட்டன்.

பேர் வைக்கிற வித்தையும் உண்டு. 'ஷாஷாங் ரிடெம்ப்ஷன்' எண்டு நீதான் ஒரு நாள் போன்ல காட்டினாய். 1994ல 25 மில்லியன் டொலர் போட்டு எடுத்து, முதல் ஓட்டத்தில 16 மில்லியன்தான் கண்டிருக்குது. அந்தப் பேர டிக்கெட் கவுண்டர்ல ஆர் சொல்லிக் கேப்பான்? பிறகு வீடியோ கசற்றிலயும் டிவியிலயும் திரும்பத் திரும்பப் பாத்துச் சனம் அத உச்சியில தூக்கி வச்சிட்டுது. இன்னொரு பக்கம், 'ஜான் கார்ட்டர்' எண்டு 2012ல டிஸ்னிக்காரன். செவ்வாய்க் கிரகத்தில நடக்கிற கதை, பேரில இருந்த செவ்வாயையே வெட்டிப் போட்டான். ஜான் கார்ட்டர் எண்டா எங்கட ஊர்ல ஒரு பாதருக்கு வச்சிருப்பம். அது நல்ல படமா இல்லையா எண்டது வேற சண்டை. இருபது கோடி டொலர் நட்டம் எண்டு அவங்களே கணக்குச் சொன்னாங்க. நீயும் உன்ட படத்துக்கு 'தி லாஸ்ட் டைட்' எண்டு பேர் வச்சிருக்கிறாய். நடிச்ச கிழவனுக்கே வாயில வருகுதில்ல.

அல்கொரிதத்துக்கு இப்பிடித்தான் புடிக்கும் மாமா எண்டு சொல்லுறாய். சரி. அந்தாள் டிக்கெட் எடுத்துப் படத்துக்கு வருவாரா? எத்தினை கதிரை போடணும்?

எல்லாத்தையும் காட்டினாலும் ஓடும் எண்டு நீ 'காஸ்ட் அவே'யச் சொல்லுவாய், 2000ல வந்தது. தீவில மாட்டினவன் வீட்டுக்கு வந்து சேருறதையே டிரெய்லர்ல காட்டினாங்க, அப்பிடியும் ஓடினது எண்டு. ஓடினதுதான். உன்னட்ட டாம் ஹாங்க்ஸ் இருக்கிறாரா? இருந்தா காட்டு. இல்லாட்டி ஹிட்ச்காக் கிழவன்ட வேலையப் பார். 1960ல 'சைக்கோ'வுக்கு ஆறு நிமிசத்துக்கும் மேல டிரெய்லர். கதையில வாற காட்சி ஒண்டும் இல்ல. அந்தாள்தான் வீடு பாக்க வந்தவனுக்குக் காட்டுற தரகன் மாதிரி அறை அறையாக் கூட்டிக்கொண்டு போறார். ஒரு அறையில கட்டிலப் பாத்து முழிப்பார், சொல்ல வந்தத முழுங்குவார். கடைசியில குளியலறைத் திரைய இழுத்தா ஒருத்தி கத்துறா. அவ கூட படத்தில அந்த இடத்தில வாற நடிகை இல்ல, வேற ஆள். பொய்தான், ஆனா படம் என்ன சாதி எண்டு உண்மையச் சொல்லுற பொய். உன்ட 'டும்' அப்பிடி இல்ல.

இனி வேலையச் சொல்லுறன். உன்ட டிரெய்லர்ல ஒரு இடம் இருக்கு. கிழவன் வலை பொத்திக்கொண்டு இருக்கிறான், பல்லில நூல். ஆரோ பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. கை நிக்குது, தலைய நிமித்துறான். கூப்பிட்டது ஆர் எண்டு தெரியாது. அவன்ட முகத்தில மட்டும் ஒரு பயம். அதில வெட்டு. அதுக்கு முன்னால கடல் சத்தம், ஊசி போற சத்தம், வேற ஒண்டும் வேணாம். காத்தாலைய ஒருக்காக் காட்டு, ட்ரோன்காரன் மனம் நோகக் கூடாது. தோணி விக்கிறதத் தூக்கி மாமிக்குத் தெரியாத இடத்தில ஒளிச்சு வை. பேரத் தமிழில மாத்து, கிழவனால சொல்லக் கூடிய பேரா வை.

தலவிலப் பெருநாளுக்குப் படம் போடுறதெண்டா ஒரு திரீவீலும் மைக்கும் எடுத்துத் தா, நானே வந்து கத்துறன். படத்த மட்டும் எனக்கு முன்னமே காட்டிப் போடாத. கூலி வேணாம், முன் வரிசையில ரெண்டு கதிரை போதும். ஒண்டு உன்ட மாமிக்கு. கதை தெரிஞ்ச படத்துக்கு வரமாட்டன் எண்டு அவ இப்பவே நிக்கிறா, அவவ எப்பிடிக் கூட்டி வாறது எண்டத நீதான் பாக்கணும்.