வெங்காயம் அரிதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

சமையல் குறிப்பு நூல்களின் பெருங்குறை ஒன்றை முதலில் சுட்டுவது ஆய்வாளன் கடமை. "பொடியாக நறுக்கிய வெங்காயம் 2" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கடுகு தாளிக்கப் போய்விடுகிறார்கள். பொடி என்றால் எவ்வளவு? கடுகளவா, துவரம்பருப்பளவா? அம்மா அரியும் பொடிக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமையலறைப் பக்கம் வரும் அப்பா அரியும் பொடிக்கும் நடுவே ஒரு பஜ்ஜித் துண்டு தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

இத்துறையில் இரு கொள்கைகள் உண்டு. காய் அசைய, கருவி அசையாதிருப்பது அரிவாள்மனை நெறி. கருவி அசைய, காய் அசையாதிருப்பது கத்தி நெறி. முன்னது தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் அழுத்தி, இரு கையாலும் காயைப் பிடித்துச் செய்வது. பின்னது நின்றுகொண்டு, வெட்டும் பலகையோடு செய்வது. அரிவாள்மனை தோற்றது கூர்மைக் குறைவால் என்று சிலர் கருதுவது பிழை. அடுப்பு மேடைமேல் ஏறியதுதான் காரணம். தாளிப்பு மேலே பொரிந்துகொண்டிருக்கையில் கீழே உட்கார்ந்து எழுந்திருக்க எந்த முழங்காலும் சம்மதிப்பதில்லை. கயிற்றை இழுத்தால் சுழலும் பிளாஸ்டிக் டப்பாவை இவ்வாய்வு ஒரு கொள்கையாக ஏற்கவில்லை. அது தருவது பாதி சட்னி.

திசை பற்றிய பூசல் இன்னும் ஆழமானது. வேரிலிருந்து நுனிவரை நார் ஓடும் போக்கிலேயே அரிந்தால் துண்டு வெந்த பின்னும் உருக்குலையாது. பிரியாணிக்கும் பக்கோடாவுக்கும் இதுவே முறை. குறுக்கே அரிந்தால் நார் அறுபட்டுச் சீக்கிரம் குழையும். குழம்பில் கரைய வேண்டுமானால் அப்படிச் செய்க. பொடிக்கோ ஒரு சூத்திரம் உண்டு: இரண்டாகப் பிளந்து, வேர்ப்பக்கத்தை விட்டுவிட்டு நீளவாக்கில் கீறி, பிறகு குறுக்கே அரிக. வேர் இருக்கும்வரை இதழ்கள் கலையாமல் கட்டுப்பட்டு நிற்கும். அவசரத்தில் வேரை முதலில் வெட்டி எறிபவர், பிறகு வழுக்கியோடும் இதழ்களைச் சமையலறை முழுக்கத் துரத்துவர்.

இனி கண்ணீர். வெங்காயத்தின் செல் உடைந்ததும் தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் கலந்து, புரோப்பேன்தயால் எஸ்-ஆக்ஸைடு என்னும் ஆவி எழுகிறது. இதற்கெனத் தனியே இன்னொரு நொதியும் வேலை செய்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். 2013இல் அவர்களுக்கு, சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. காலங்காலமாக முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இதே ஆய்வைக் கள நிலையில் நடத்திய நம் வீட்டுப் பெண்களை எந்தக் குழுவும் பரிந்துரைக்கவில்லை என்பது இங்கே பதிவு செய்யத்தக்கது. நிவாரணம் எளிது. மொக்கைக் கத்தி செல்லை நசுக்கும், கூரான கத்தி அறுக்கும். ஆகவே கத்தியைத் தீட்டுக. வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் குளிரவைத்தால் நொதி மந்தமாகும். மின்விசிறி ஆவியை வேறு பக்கம் தள்ளும், பெரும்பாலும் காபியோடு வந்து எட்டிப் பார்ப்பவர் முகத்தில். அது நீதியே.

இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு: துண்டின் பருமனைத் தீர்மானிப்பது பதார்த்தம் அன்று, வரிசை. முதல் வெங்காயம் மணிமணியாக விழும். மூன்றாவது சற்றே பருக்கும். விருந்தாளி வந்து அழைப்புமணியும் அடித்துவிட்டால், கடைசி வெங்காயம் நான்காகப் பிளக்கப்பட்டு அப்படியே வாணலியில் இறங்கும். இதை மறைக்கவே, முதலில் அரிந்ததை மேலே தூவும் வழக்கம் தோன்றியிருக்கலாம் என்பது என் துணிபு.

சின்ன வெங்காயம் தனி நூலுக்குரியது. தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சுலபமாக உரியும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, தீர்ப்பையும் கூறிவிடுகிறேன். சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கவே கூடாது, முழுசாகத்தான் போட வேண்டும். மறுப்போர் முதலில் அரைக் கிலோ உரித்துவிட்டு வரட்டும், பிறகு விவாதிக்கலாம்.