மூன்று மதிப்பெண்ணும் முதியோர் இல்லமும்

1968-இல் ஜெனீவாவில் தோன்றிய ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) டிப்ளமா, 16 முதல் 19 வயது வரையிலான மாணவர்களுக்கான ஈராண்டுப் படிப்பு. நாடுநாடாக மாற்றலாகும் பெற்றோரின் பிள்ளைகள் எங்கும் கல்லூரியில் சேர வசதியாக உருவானது. இன்று தெருமுனையைத் தாண்டாத பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 7. கூடுதலாக 3 சேர்த்து மொத்தம் 45. நூற்றுக்கு நூறு கேட்டுப் பழகிய தாத்தாவிடம் ‘நாற்பது வாங்கினேன்’ என்று பேத்தி சொன்னால், வாழ்த்துக்குப் பதில் ஆறுதல்தான் கிடைக்கும்.

அந்தக் கூடுதல் மூன்றுக்குத்தான் பெரும்பாடு. 4,000 சொற்களுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை. பிறகு ‘அறிவுக் கோட்பாடு’: தமக்குத் தெரிந்தது உண்மையிலேயே தெரிந்ததுதானா என்று மாணவர் 1,600 சொற்களுக்குள் சந்தேகப்பட்டு முடிக்க வேண்டும். அதற்குமேல் வரும் சந்தேகம் அவருடைய சொந்தச் செலவு.

இவற்றோடு படைப்பு, உடற்செயல்பாடு, சேவை என்று ஒரு பகுதி. மதிப்பெண் கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமாவும் கிடையாது. முதியோர் இல்லத்தில் பாடினால் மட்டும் போதாது, அதனால் தம்முள் என்ன மாறியது என்றும் எழுதித் தர வேண்டும். பாட்டைக் கேட்ட முதியோருக்கு அந்த வாய்ப்பு வழங்கப்படுவதில்லை.