காற்றில் திருகும் கலை

கம்பியில்லா இம்பாக்ட் டிரைவரை முறையாகச் சார்ஜ் செய்து, அதன் பேட்டரியை நீண்டகாலம் காப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆயினும் அதற்குள் நுழையுமுன், அக்கருவியைக் கையில் எடுக்கும் எவரும் முதல் வேலையாக அதை மேல்நோக்கிப் பிடித்து இரண்டு முறை வெறுங்காற்றில் ட்ரிகரை அழுத்திப் பார்ப்பது ஏன் என்னும் வினாவைச் சிறிதளவேனும் ஆராய வேண்டியிருக்கிறது. பெங்களூரு ஈஜிபுராவில், எதிர் மாடியில் கைநீட்டினால் இந்த மாடியின் துணி கைக்கு எட்டிவிடும் அளவுக்கு வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இவ்வொலியைக் கேட்காதவர் இல்லை. கடந்த ஞாயிறும் கேட்டது.

இம்பாக்ட் டிரைவர் என்பது வெறும் திருகும் கருவி அன்று. அதன் தலைப்பகுதிக்குள் சுத்தியல் எனப்படும் ஓர் இரும்புத் துண்டும், பட்டடை எனப்படும் இன்னொன்றும், இவற்றுக்குப் பின்னால் ஒரு சுருள்வில்லும் உள்ளன. ஸ்க்ரூ எளிதாக இறங்கும்வரை இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே சுழல்கின்றன. மரம் கடினமாகி எதிர்ப்பு மிகும்போது சுத்தியல் பின்வாங்கி, வில்லின் விசையால் மீண்டும் பாய்ந்து பட்டடையைப் பக்கவாட்டில் அடிக்கிறது. இவ்வாறு நிமிடத்துக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் விழுவதால்தான், சாதாரண பேட்டரி டிரில் திணறி நிற்கும் நீண்ட ஸ்க்ரூவும் இதற்குப் பணிந்து இறங்குகிறது. எதிர்ப்பு இல்லாவிட்டால் அடியும் இல்லை என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. காற்று எதிர்ப்பதில்லை. ஆகவே காற்றில் அழுத்திப் பார்ப்பவர், இம்பாக்ட் டிரைவரில் இம்பாக்ட் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் சோதித்தவர் ஆகிறார்.

சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அவ்வாறு செய்வதாகச் சிலர் கூறுவதுண்டு. இவ்வாதமும் நிற்காது. லித்தியம் அயனி பேட்டரியின் மின்னழுத்தம், தீரும் தறுவாய் வரை பெரிதாக இறங்காமல் சமநிலையில் ஓடிப் பின்னர் திடீரெனச் சரியும் இயல்புடையது. சுமையே இல்லாமல் சுழலும்போது முக்கால் காலியான பேட்டரியும் நிறைந்த பேட்டரியும் ஏறத்தாழ ஒரே குரலில்தான் பேசுகின்றன. தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பவருக்காவது உள்ளே நீர் இருப்பது தெரியும். இவருக்கு அதுவும் தெரிவதில்லை. இத்தனைக்கும் பெரும்பாலான பேட்டரிகளின் முகப்பிலேயே மீதமுள்ள மின்சாரத்தைக் காட்டும் சிறு விளக்குகளும், அவற்றை ஏற்றிப் பார்க்க ஒரு பொத்தானும் உள்ளன. அப்பொத்தான் அழுத்தப்படாத தூய நிலையில் தன் ஆயுளை முடித்துக்கொள்கிறது.

காற்றில் அழுத்துவோரை வகைப்படுத்துவது இவ்விடத்தில் பொருத்தமாகும். தச்சர் அழுத்துவது மிகச் சுருக்கமானது. ஒருமுறை, அதுவும் பிட் நேராக ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்கும் பொருட்டு, ஆகவே அவரை மன்னித்துவிடலாம். வீட்டு உரிமையாளர் இரண்டு முறை அழுத்துகிறார். முதலாவது தமக்காக, இரண்டாவது குடித்தனக்காரருக்காக. மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர், திரைப்படத்தில் துப்பாக்கியை உயர்த்துபவரைப் போலன்றி, தாம் அப்படி உயர்த்தவில்லை என்று காட்டிக்கொள்ளும் அலட்சியத்தோடு இடுப்பருகே வைத்து அழுத்துகிறார். இவ்வகையினர் பின்னோக்கிச் சுழலும் பொத்தானையும் தட்டிவிட்டு மறுபடியும் அழுத்துவர், ஏனெனில் இடப்புறமும் காற்று இருக்கிறது. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் வாடிக்கையாளரின் காதுக்கு மிக அருகில் அழுத்துகிறார். அவ்வொலியே விலைக்கான விளக்கம். குழந்தைகள் விடாமல் அழுத்துவர், ஆனால் அவர்களிடம் காரணம் எதுவும் கேட்கப்படுவதில்லை. கருவியே வேண்டாம், சும்மா வந்தேன் என்று வந்தமரும் உறவினரும் பேச்சின் நடுவே அதை மேசையிலிருந்து எடுத்து அழுத்துவார், பின்னர் அதன் எடையைப் பற்றி ஒரு கருத்துக் கூறுவார், மீண்டும் அழுத்துவார். கட்டுரையாளரும் அழுத்துபவர்தாம் என்றாலும், அது ஆய்வு நோக்கில் நிகழ்வதால் இப்பட்டியலில் சேராது.

1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் பேட்டரியால் இயங்கும் துளைப்பானைக் கொண்டு துளையிட்டார். பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தின் பங்களிப்போடு உருவான அக்கருவி எதிர்பார்த்த ஆழத்துக்கு இறங்காமல் அவரைப் பெரிதும் வருத்தியது. காற்றே இல்லாத இடத்தில் அவர் அதை எதில் அழுத்திப் பார்த்திருப்பார் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனிச் சார்ஜ் பற்றிக் காண்போம். ஈஜிபுராவுக்கும் கோரமங்கலாவுக்கும் இடையே சோனி வேர்ல்டு சிக்னல் என ஒரு சந்திப்பு உண்டு. அங்கிருந்த ஒரு கடையால் வந்த பெயர் அது. 2017இல் தொடங்கி 2019இல் முடிந்திருக்க வேண்டிய மேம்பாலத்தின் தூண்கள் ஆண்டுக்கணக்கில் பாலமின்றி நின்ற வழித்தடத்திலேயே அதுவும் இருப்பதால், அங்கே சிவப்பு விளக்கில் காத்திருப்போர்க்குச் சிந்திக்க நேரம் மிகுதி. லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே சோனி நிறுவனமே. அதற்கு முன் கருவிகளில் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு, முழுதும் தீர்த்துவிட்டுச் சார்ஜ் போட வேண்டும் என்னும் அறிவுரை ஓரளவு பொருந்தியது. அப்பேட்டரி கருவிகளை விட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அறிவுரை மட்டும் மாடிக்கு மாடி இன்றும் உயிரோடு இருக்கிறது.

மின்னழுத்தக் கணக்கு எளிது. ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் கொண்ட ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். அதே செல்கள் சார்ஜர் விட்ட கணத்தில் 4.2 வோல்ட்டில் நிற்பதால் கூட்டுத்தொகை 21. ஆகவே 18 என்றும் 20 என்றும் 21 என்றும் எழுதப்பட்ட மூன்று பெட்டிகளுக்குள் இருப்பது ஒரே ஐந்து செல்களே. மலிவு விலைக் கருவிகளில் 48 என்றும் 88 என்றும், பின்னால் பொருள் விளங்காத ஓர் எழுத்தோடும் அச்சிடப்பட்டிருப்பது எந்தக் கூட்டலாலும் கிடைக்காத எண்ணாகும். அதை வாங்குபவர் கடையிலேயே காற்றில் அழுத்திப் பார்த்து, 88 இருப்பதாக உறுதிசெய்துகொள்கிறார்.

சார்ஜரின் விளக்குகளோ தனி மொழி. ஒரு நிறுவனத்துக்குப் பச்சை கண்சிமிட்டினால் மின்சாரம் ஏறுகிறது. இன்னொன்றுக்குச் சிவப்பு நிலைத்து நின்றால் ஏறுகிறது. சிவப்பே சிமிட்டினால் பேட்டரி சூடாக உள்ளது, ஆறட்டும் என்று ஓரிடத்திலும், பேட்டரி செத்தது என்று வேறோரிடத்திலும் பொருள். சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் செருகக் கூடாது என்பதும், நிரம்பிய பேட்டரியை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது என்பதும் இத்துறையின் பாலபாடங்கள். முறையான சார்ஜின் மூன்றாம் விதி இவற்றினும் முக்கியமானது என்றாலும், அதற்குமுன் இரவல் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

18 வோல்ட்டில் 5 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் அடங்குவது 90 வாட்-மணி. ஒரு யூனிட் மின்சாரம் 1,000 வாட்-மணி. அதாவது ஒருமுறை முழுச் சார்ஜுக்கு ஆகும் செலவு ஒரு யூனிட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 2023 முதல் கர்நாடகத்தின் கிருஹ ஜோதித் திட்டத்தில், மாதம் 200 யூனிட் வரை, அவரவர் சராசரிக்கு உட்பட்டு, வீடுகளுக்குக் கட்டணமும் இல்லை. இந்நிலையில் திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்கென்று இரவல் பெற்ற கருவியைக் காலி பேட்டரியோடு திருப்பித் தருவதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் இருக்க இயலாது. மேல்மாடிக்காரர் கடந்த ஞாயிறன்று அதைத் திருப்பித் தந்தபோது, "சார்ஜ் எல்லாம் நல்லா இருக்குண்ணா, பாருங்க" என்று வாசலில் நின்றே இரண்டு முறை அழுத்திக் காட்டினார். இரண்டாவது அழுத்தலின் பாதியில் அது நின்றது.

அடுத்த இரவல் வந்தபோது, கட்டுரையாளர் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டுக் கருவியை மட்டும் கொடுத்தார். கீழ்த்தளத்துக்காரர் அதை வாங்கினார், மேல்நோக்கிப் பிடித்தார், இரண்டு முறை அழுத்தினார். பின்னர், "பரவால்லண்ணா, சத்தமே இல்ல, நல்ல மிஷினு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிச் சென்றார்.